வார்டு மெம்பர் இடம் காலி, நிற்க ஆள் இல்லை

மூணாவது வார்டு:

எங்கள் ஊராட்சியில் மூன்றாவது வார்டு உறுப்பினர் இறந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. இடம் இன்னும் காலியாகக் கிடக்கிறது. 2021 அக்டோபரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்த ஒன்பது மாவட்டங்களில் எங்களுடையதும் ஒன்று. அதனால் மற்ற மாவட்டங்களைப் போல 2025 ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்து நிர்வாகத்தை நடத்தத் தனி அலுவலர் என்ற அரசு அதிகாரி வந்துவிடவில்லை. தலைவர் இருக்கிறார், துணைத் தலைவர் இருக்கிறார், கூட்டம் நடக்கிறது. எங்கள் வார்டு நாற்காலி மட்டும் சுவரோரம்.

போன வாரம் கோயில் திட்டில் இந்தப் பேச்சு வந்தது. தேர்தல் அறிவிப்பு வந்தால் யாரை நிறுத்துவது என்று பதினோரு பேரைக் கேட்டுப் பார்த்தோம். பதினோரு பேரும் மறுத்துவிட்டார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது: "தம்பி, நான் இந்த ஊரில் மரியாதையாக இருக்கிறேன். அது உங்களுக்குப் பிடிக்கவில்லையா?"

கடைசியில் பெரியவர்கள், "எதற்கு வீண் செலவு? நாங்களே பேசி ஒருத்தரை ஒருமனதாகப் போட்டுவிடுகிறோம்" என்றார்கள். எனக்கு இரண்டு சந்தேகம். அப்படி நியமிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? அப்புறம், ஒரு வார்டு மெம்பர் பதவிக்கே இப்படி அலறி ஓடுகிறார்களே, அரசியல் என்றால் நம் ஜனங்களுக்கு ஏன் இவ்வளவு அருவருப்பு?

பழைய எழுத்தர்:

ஒன்றிய அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தவன் என்பதால் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நியமனம் கிடையாது. ஊர்ப் பெரியவர்களுக்கும் இல்லை, தலைவருக்கும் இல்லை, கலெக்டருக்கும் இல்லை. இடம் காலியானால் ஊராட்சி செயலர் எழுதி அனுப்ப வேண்டும். அது வட்டார வளர்ச்சி அலுவலர், கலெக்டர் வழியாக மாநிலத் தேர்தல் ஆணையத்துக்குப் போகும். ஆணையம் மாநிலம் முழுக்க உள்ள காலியிடங்களைச் சேர்த்து மொத்தமாகத் 'தற்செயல் தேர்தல்' அறிவிக்கும். எம்எல்ஏ இறந்தால் 'இடைத்தேர்தல்' என்போம், உள்ளாட்சியில் அதற்குப் பெயர் இது. 2021 அக்டோபர் 9, 2022 ஜூலை 9 இரண்டும் அப்படி நடந்தவை.

பலரும் 'ஆறு மாதத்துக்குள் நடத்த வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டமே சொல்கிறது' என்பார்கள். அரசியலமைப்பின் 243-இ சொல்லும் ஆறு மாதம், ஊராட்சியே கலைக்கப்பட்டால் புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டிய கெடு. ஒரு உறுப்பினர் இடம் காலியாவதற்கு மாநிலச் சட்டத்தையும் ஆணையத்தின் அறிவிப்பையும்தான் பார்க்க வேண்டும். இந்தக் குழப்பத்தோடு மனு எழுதி, பதில் வரவில்லை என்று திட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

'ஒருமனதாக' என்பது சட்டத்தில் வேறு ரூபத்தில் வரும். ஒரே ஒரு மனுதான் செல்லும் என்று நின்றால், வாபஸ் நாள் முடிந்ததும் அவர் போட்டியின்றித் தேர்வு. அங்கேயும் மனு என்று ஒன்று இருக்க வேண்டும், மற்ற யாரும் மனு போடத் தடை இல்லாமலும் இருக்க வேண்டும். இரண்டாவது பாதியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

சந்தேகப்பிராணி:

கேட்கிறேன் என்று கோபப்படாதீர்கள். இரண்டு வருடம் காலியாக இருந்ததில் என்ன குறைந்துவிட்டது? சூரியன் மேற்கே உதித்ததா?

கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு மாதச் சம்பளம் கிடையாது. தலைவருக்கே மதிப்பூதியம் ஆயிரத்திலிருந்து 2,000-தான் ஆனது. மாநகராட்சி கவுன்சிலருக்கு மாதம் 10,000. அங்கே பாருங்கள், ஒரு வார்டுக்குப் பத்துப் பேர் அடித்துக்கொள்கிறார்கள். ஆதாயம் இருக்கிற இடத்தில் ஆள் இருக்கிறது, இல்லாத இடத்தில் இல்லை. இதில் அருவருப்பு, தத்துவம் எல்லாம் எங்கே வந்தது?

மூணாவது வார்டு:

என்ன குறைந்தது என்று கேட்டீர்களே, சொல்கிறேன். போன கோடையில் குடிநீர்க் குழாய் நீட்டிப்புக்கு எந்தெந்தத் தெரு என்று தீர்மானம் போட்டார்கள். எட்டு வார்டு உறுப்பினர்களும் அவரவர் தெருவைச் சொன்னார்கள். எங்கள் கீழத்தெருவை யாரும் வேண்டுமென்று விடவில்லை. சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். நான் கேட்டபோது, "அடடா, நீங்கள் முன்னமே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்கள். யாரிடம், எந்தக் கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

பழைய எழுத்தர்:

கிராம சபையில் சொல்லலாம். முன்பு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு. இப்போது மார்ச் 22, நவம்பர் 1 சேர்த்து வருடத்துக்கு ஆறு. ஆனால் நீங்கள் சொல்வதும் சரி. கிராம சபையில் சொன்னதை அடுத்த கூட்டத்தில் நினைவுபடுத்தி, அதற்கடுத்த கூட்டத்தில் 'அது என்ன ஆச்சு' என்று கேட்பதற்குத்தான் உறுப்பினர்.

செவ்வந்தி:

சந்தேகப்பிராணி அண்ணா, ஆதாயம் இல்லாத இடத்தில் ஆள் இல்லை என்கிறீர்கள். நான் 2019 டிசம்பரில் எங்கள் ஊரில் வார்டுக்கு நின்றேன். ஆதாயம் இல்லை என்று தெரிந்தேதான் நின்றேன். டெபாசிட் 200 ரூபாய். பதினான்கு ஓட்டில் தோற்றேன்.

தோற்றது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான். நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குப் போனால், "வாங்க மெம்பர் அம்மா" என்று ஒரு சிரிப்பு. ரேஷன் கடை வரிசையில், "அங்கே என்ன எதிர்பார்த்து நின்னீங்க?" என்று ஒரு கேள்வி. என் கணவரிடம் ஒருவர், "வீட்டம்மாவை எதுக்குப்பா வெளியே விட்டே?" என்று அக்கறையாக விசாரித்தார். ஓட்டுப் போடாதவர் மேல்கூட எனக்கு வருத்தமில்லை. நான் ஏதோ திருடப் போய் மாட்டிக்கொண்டதைப் போலப் பேசியதைத்தான் தாங்க முடியவில்லை.

2021-ல் கோவை மாவட்டத்தில் ஒரு வார்டு தற்செயல் தேர்தலில் ஒருவருக்கு ஒரே ஒரு ஓட்டு விழுந்தது நினைவிருக்கிறதா? நாடே சிரித்தது. 'குடும்பத்தில் ஐந்து பேர், ஒரு ஓட்டுதான்' என்று எத்தனை மீம். அவர் வீட்டார் ஓட்டு வேறு வார்டில் இருந்தது என்பது அப்புறம்தான் வெளியே வந்தது, அதற்குள் எல்லோரும் சிரித்து முடித்திருந்தார்கள். அவருடைய கட்சி எனக்கு ஒத்துவராது. ஆனாலும் அன்றைக்கு நான் சிரிக்கவில்லை.

நிற்க ஆள் இல்லை என்று கோயில் திட்டில் உட்கார்ந்து வருத்தப்படுபவர்களில் எத்தனை பேர் அந்த மீமை அனுப்பியிருப்பார்கள்?

சந்தேகப்பிராணி:

நான் அனுப்பினேன். ஒப்புக்கொள்கிறேன்.

பனங்கூடல்:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கட முறை உங்களுடையதைப் போல இல்லை. உள்ளூராட்சி சபையில் ஒரு உறுப்பினர் இறந்தால், விலகினால் இடைத்தேர்தல் இல்லை. அவர் எந்தக் கட்சியில் வந்தாரோ அந்தக் கட்சியின் செயலாளர் ஒரு பெயர் கொடுப்பார், சுயேச்சைக் குழு என்றால் அதன் தலைவர் கொடுப்பார். வர்த்தமானியில், அதாவது அரசிதழில் வரும், முடிந்தது. வெற்றிடம் மாதக்கணக்கில் கிடக்காது.

கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் வட்டாரத்துச் (நீங்கள் சொல்லும் வார்டு) சனத்துக்குத் தங்கட உறுப்பினர் மாறினதே பத்திரிகை பார்த்துத்தான் தெரியும். 2018 தேர்தலில் வட்டாரமும் கட்சிப் பட்டியலும் சேர்ந்த கலப்பு முறை வந்து உறுப்பினர் எண்ணிக்கை எட்டாயிரத்தைத் தாண்டியது, முன்பு இருந்ததுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சபையில் பெண்களுக்கு 25 வீதம் கட்டாயம் என்றபடியால் சில கட்சிகள் கடைசி இரவில் ஆள் தேடித் திரிந்தன. சம்மதம் கேட்காமலே பெயர் போட்டதாகவும் கதை உண்டு. அப்படி வந்தவர்களில் சிலர் பிறகு நல்லா வேலை செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. நீங்கள் ஒரு வட்டாரம் காலி என்கிறீர்கள். எங்களுக்கு 2023 மார்ச்சில் சபைகள் கிட்டத்தட்ட எல்லாமே காலாவதியாகி, காசில்லை என்று தேர்தலையும் நிறுத்திவைத்தார்கள். 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் (உங்கட உச்ச நீதிமன்றம் போல) அது அடிப்படை உரிமை மீறல் என்று சொன்னது. தேர்தல் நடந்தது 2025 மே 6-ல். இரண்டு வருசத்துக்கு மேல் நாடு முழுக்க வெற்றிடம். சபைச் செயலாளர்மாரான அரச அதிகாரிகள் நடத்தினார்கள். குப்பை அள்ளப்பட்டது, தெருவிளக்கு எரிந்தது. ஆரிடம் போய்ச் சண்டை பிடிக்கிறது என்பதுதான் தெரியாமல் இருந்தது.

தேம்ஸ் கரையோன்:

இங்கிலாந்து கிராமங்களில் இருக்கும் பாரிஷ் கவுன்சில் முறை நீங்கள் கேட்ட 'பெரியவர்கள் பேசிப் போடுவது' போன்றதுதான். சட்டப்படியே உண்டு. இடம் காலியானால் அறிவிப்பு ஒட்டுவார்கள். 14 வேலை நாட்களுக்குள் வாக்காளர்களில் பத்துப் பேர் எழுதிக் கேட்டால் தேர்தல். யாரும் கேட்கவில்லை என்றால், மீதி உறுப்பினர்களே ஒருவரைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள். தொடர்ந்து ஆறு மாதம் கூட்டத்துக்கு வராத உறுப்பினரின் இடமும் காலியாகிவிடும்.

நான் அப்படிச் சேர்க்கப்பட்டவன்தான். விண்ணப்பம் ஒரு பக்கம், நேர்காணல் பத்து நிமிடம். நான் ஒருவன்தான் விண்ணப்பித்திருந்தேன். பெருமையாக வீட்டில் சொன்னபோது மகள் கேட்டாள்: "உனக்கு யார் ஓட்டுப் போட்டது?" உட்கார்ந்து யோசித்தால், எங்கள் கவுன்சிலில் பாதிக்கு மேல் ஒருவரும் ஓட்டுச் சீட்டையே பார்க்காமல் வந்தவர்கள். கெட்டவர்கள் இல்லை. ஆனால் எல்லோரும் ஒரே வயது, ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி நாய். நான்தான் வித்தியாசம், எனக்கு நாய் இல்லை.

அந்த 'பத்துப் பேர் கேட்டால் தேர்தல்' என்ற விதி எனக்குப் பிடிக்கும். வேண்டாம் என்றால் விடலாம், வேண்டும் என்றால் தடுக்க முடியாது.

குடவோலை:

நம் முன்னோர் ஆயிரம் வருடத்துக்கு முன்பே வழி காட்டியிருக்கிறார்கள். உத்திரமேரூர் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலம். பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரனும் போட்டியிட முடியாது. முந்தைய மூன்று வருடத்தில் பதவியில் இருந்தவனும் கூடாது. செலவில்லை, பகையில்லை, போஸ்டர் இல்லை. காலி வார்டுக்குக் குலுக்கல் போடுங்கள், முடிந்தது!

கிழக்குக் கரிசல்:

இதை யாராவது கொண்டுவருவார்கள் என்று காத்திருந்தேன். அந்தக் குடத்தில் யார் ஓலை போட முடிந்தது என்பதும் அதே கல்வெட்டில் இருக்கிறது. அது பிராமணர் சபை. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும், வயது 35-க்கும் 70-க்கும் நடுவில். உழுதவனுக்கு ஓலை இல்லை. பெண்ணுக்கு ஓலை இல்லை. கணக்குக் காட்டாதவனைத் தள்ளிவைத்த விதி அருமையானது, அதை இன்றைக்கு எடுத்துக்கொள்ளலாம். குடத்தைச் சுற்றி நின்ற வேலியையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குடவோலை:

நான் முறையைச் சொன்னேன், சாதியைச் சொல்லவில்லை. வார்டு வாக்காளர் எல்லோர் பெயரையும் போட்டுக் குலுக்கட்டுமே?

சந்தேகப்பிராணி:

போட்டு எடுத்தால் என் பெயர் வரும். நான் போக மாட்டேன். மறுபடி காலி.

கிழக்குக் கரிசல்:

சரி, 'ஒருமனதாக' என்ற வார்த்தைக்கு வருகிறேன். நான் மதுரைப் பக்கத்துக்காரன். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வயிற்றைப் புரட்டும். ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். மூன்றும் மதுரை மாவட்டம். விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். 1996-ல் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊர்கள். பத்து வருடம் அந்த நாற்காலிகள் காலி. அரசாங்கம் தேர்தல் அறிவிக்காமல் இல்லை. அறிவித்தது, திரும்பத் திரும்ப அறிவித்தது. ஒரு முறை ஒரு மனுவும் வராது. இன்னொரு முறை ஊரே பார்த்து ஒருவரை நிறுத்தும், அவர் ஜெயிப்பார், பதவியேற்பார், உடனே ராஜினாமா செய்வார். மறுபடி காலியிடம், மறுபடி அறிவிப்பு.

வெளியில் இருந்து பார்த்தவருக்கு என்ன தெரிந்திருக்கும்? 'ஆள் வரவில்லை. மக்களுக்கு ஆர்வம் இல்லை.' கோப்பிலும் அப்படித்தான் ஏறியிருக்கும்: வேட்புமனு எதுவும் பெறப்படவில்லை. ஊரில் கேட்டால், "நாங்கள் ஒருமனதாக முடிவு செய்தோம்" என்பார்கள். அந்த ஒரு மனது யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. நிற்கத் துணிந்தவனுக்கு என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதே மதுரை மாவட்டத்தில் மேலவளவு. அங்கும் 1996-ல் ஒதுக்கீடு. மனு போட்டவர்கள் வாபஸ் வாங்கினார்கள், அடுத்த முறை வாக்குச்சாவடியிலேயே கலவரம், எல்லாம் தாண்டி முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30-ம் தேதி அவரையும் கூட இருந்த இன்னும் சிலரையும் வெட்டிக் கொன்றார்கள். இதற்குப் பிறகு பக்கத்து ஊரில் மனு போடாதவனைப் பார்த்து 'அரசியலில் ஆர்வமில்லாதவன்' என்று சொல்ல எப்படி வாய் வரும்?

2006 அக்டோபரில்தான் அந்த நான்கு ஊர்களிலும் முறையாகத் தேர்தல் நடந்தது. கலெக்டர் ஊர் ஊராக உட்கார்ந்து பேசினார், அரசு பின்னால் நின்றது, ஊருக்குள்ளேயே மனம் மாறியவர்களும் இருந்தார்கள். 2021 அக்டோபர் 2-ம் தேதி பாப்பாபட்டி கிராம சபையில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். ஆக, ஆர்வம் பத்து வருடம் செத்துப்போய் ஒரு நாள் உயிர்த்தெழவில்லை. கதவைத் திறந்தார்கள், ஆள் வந்தது.

இது பழங்கதை என்று தோன்றினால், 2021-ல் திருப்பத்தூர் மாவட்டம் நாயக்கனேரியைப் பாருங்கள். பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கிய இடம், ஒரே மனு, போட்டியின்றித் தேர்வு. பதவியேற்க முடியாமல் வழக்கு நீதிமன்றத்தில் நின்றது.

மூணாவது வார்டு தம்பி, உங்கள் ஊரை நான் குற்றம் சொல்லவில்லை, எனக்கு உங்கள் ஊர் தெரியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். பதினோரு பேரைக் கேட்டீர்களே, யார் யார்?

செவ்வந்தி:

நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன். பதினோரு பேரில் பெண்கள் எத்தனை?

சந்தேகப்பிராணி:

அவர் பதில் சொல்லட்டும். அதற்குள் என் வாதத்தை முடித்துக்கொள்கிறேன். எல்லா ஊரும் பாப்பாபட்டி இல்லை. பல ஊரில் உண்மையிலேயே ஒருவருக்கும் வேண்டாம். ஜப்பானில் ஷிகோகு தீவில் ஒகாவா என்று ஒரு கிராமம், மக்கள் தொகை சுமார் 400. அங்கே யார் யாரையும் மிரட்டவில்லை. வயதானவர்கள், அவ்வளவுதான், நிற்க ஆள் கிடைக்கவில்லை. 2017-ல், கவுன்சிலையே எடுத்துவிட்டு வாக்காளர் எல்லோரும் கூடி முடிவெடுக்கும் சபை வைக்கலாமா என்று யோசித்தார்கள். ஜப்பான் சட்டத்திலேயே சின்ன ஊர்களுக்கு அந்த வழி உண்டு. அப்புறம் கைவிட்டார்கள், அது வேறு. ஆனால் யோசித்தார்கள். நாமும் காலி இடத்தை அதிகாரியிடம் விடலாமே? அதிகாரியை மாற்றலாம், கேள்வி கேட்கலாம், அவருக்குச் சாதிக்காரன், பங்காளி தொல்லை கிடையாது.

பழைய எழுத்தர்:

ஒகாவாக்காரர்கள் யோசித்தது ஊர் முழுக்கச் சபையாவது. நீங்கள் சொல்வது ஊர் முழுக்க வெளியே போவது. இரண்டும் ஒன்றா?

தனி அலுவலர் காலத்தில் நான் வேலையில் இருந்தேன். 2016 அக்டோபரில் தேர்தல் நடந்திருக்க வேண்டும், உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது, 2019 டிசம்பர் வரை இழுத்தது. அந்த மூன்று வருடமும் வட்டார வளர்ச்சி அலுவலர்தான் ஒன்றியத்தில் உள்ள ஊராட்சிகளுக்கெல்லாம் தனி அலுவலர். ஒரு மனிதர், முப்பது நாற்பது ஊர். நல்ல மனிதராகவே இருந்தாலும் ஊர் பெயரைச் சொன்னால் எந்தப் பக்கம் என்று ஒரு நிமிடம் யோசிப்பார். தேர்ந்தெடுத்த அமைப்பு இல்லை என்று மத்திய நிதிக்குழு மானியம் வேறு நின்றுபோனது. உங்கள் பங்காளி தொல்லை இல்லை, பணமும் இல்லை.

இப்போது அந்த 2019 பதவிக்காலமும் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, அந்த மாவட்டங்களில் மறுபடி தனி அலுவலர். எனக்கு ஓய்வு கிடைத்துவிட்டது, என் இடத்தில் உட்கார்ந்திருப்பவரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

'ஜனங்களுக்கு அரசியல் பிடிக்கவில்லை' என்பதிலும் எனக்கு ஒரு தயக்கம். 2019 ஊரகத் தேர்தலில் முக்கால்வாசிக்கு மேல் ஓட்டு. வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நான்கு சீட்டை மடிக்கத் தெரியாமல் தடுமாறினாலும் வெயிலில் நின்று போட்டார்கள். 2022 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சியில் 44 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. நிற்க ஆள் இருக்கிற ஊரில் ஓட்டுப் போட ஆள் இல்லை. ஓட்டுப் போட ஆள் இருக்கிற ஊரில் நிற்க ஆள் இல்லை. இரண்டையும் ஒரே வார்த்தையில் அருவருப்பு என்று சொல்லிவிட முடியுமா?

தேம்ஸ் கரையோன்:

ஓட்டுப் போடுவது யாருக்கும் தெரியாமல் செய்வது. நிற்பது எல்லோருக்கும் தெரியச் செய்வது. ஊர் சிறியதாக ஆக ஆக இந்த வித்தியாசம் பெரிதாகிறது. எங்கள் கிராமத்திலும் கட்சி அரசியலை நாள் முழுக்கப் பேசுவார்கள், கவுன்சிலுக்கு வா என்றால் காது கேட்காது.

பனங்கூடல்:

உண்மை. இங்கேயும் நாடாளுமன்றத் தேர்தலுக்கு நிற்கிறவரை 'வேட்பாளர்' என்பார்கள். பிரதேச சபைக்கு நிற்கிறவரை, "அவனுக்கு ஏன் இந்த வேலை?" என்பார்கள். பெரிய ஆசைக்கு மரியாதை, சின்ன ஆசைக்கு நக்கல்.

செவ்வந்தி:

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் மாநிலத்தில் 2016-ல் பெண்களுக்கு 50 விழுக்காடு இடம் என்று சட்டம் வந்தது. அதனால்தான் நான் மனு போட முடிந்தது, நன்றாகத் தெரியும். ஆனால் ஜெயித்த பல ஊர்களில் தலைவி வீட்டில், கணவர் நாற்காலியில். 'தலைவர் கணவர்' என்று விசிட்டிங் கார்டு அடித்தவரை நானே பார்த்தேன். அந்த இடத்தை ஏட்டில் நிரம்பியது என்றுதான் எழுதுவார்கள். அது நிரம்பியதா, காலியா?

குடவோலை:

2025-ல் மாற்றுத்திறனாளிகளை எல்லா உள்ளாட்சியிலும் நியமன உறுப்பினராக்கச் சட்டம் வந்ததே. அப்படியானால் நியமனமே தப்பு என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது இல்லையா?

கிழக்குக் கரிசல்:

சொல்லவில்லை. தேர்தலில் கதவு மூடியிருந்த ஒருவருக்காக நாற்காலி கூடுதலாகப் போடுவது ஒன்று. கதவு மூடியிருக்கிறது என்று தெரிந்தே, உள்ளே இருப்பவர்கள் தங்களுக்குள் ஒருவரை எழுப்பி உட்காரவைப்பது இன்னொன்று. முதலாவதை நான் கைதட்டி வரவேற்றேன்.

மூணாவது வார்டு:

இரண்டு நாளாகப் பதில் எழுதவில்லை, மன்னிக்கவும். கேள்வி சங்கடமாக இருந்தது.

பதினோரு பேரின் பெயரையும் தாளில் எழுதிப் பார்த்தேன். பெண் ஒருவரும் இல்லை. எல்லோரும் கோயில் திட்டுக்கு வருகிறவர்கள் அல்லது அவர்களுடைய அண்ணன் தம்பி. வார்டில் கீழத்தெருவும் இருக்கிறது, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனியும் இருக்கிறது. காலனியில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பேச்சே அந்தப் பக்கம் போகவில்லை. அது பொது வார்டு, இன்னாருக்கென்று ஒதுக்கியதும் இல்லை, யார் வேண்டுமானாலும் நிற்கலாம்.

நேற்று வாய்க்கால் தாண்டிப் போனேன். மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதும் ஒரு அக்கா, வயது நாற்பது இருக்கும். குழாய் விஷயத்துக்காகத் தனியாக ஒன்றிய அலுவலகத்துக்கு நான்கு தடவை போயிருக்கிறார், எனக்கே தெரியாது. "நிற்கிறீர்களா அக்கா?" என்று கேட்டேன். சிரித்தார். "இதைக் கேட்க உங்களுக்கு ரெண்டு வருஷம் ஆச்சா தம்பி?" என்றார். அப்புறம், "முடியாது" என்றும் சொல்லவில்லை, "சரி" என்றும் சொல்லவில்லை. என்ன காகிதம் வேண்டும் என்று கேட்டுச் சொல்லச் சொன்னார்.

பழைய எழுத்தர் ஐயா, சொல்லுங்கள்.

பழைய எழுத்தர்:

அறிவிப்பு வந்த பிறகுதான் மனு. ஆனால் தயாராக இருப்பது நல்லது. வயது 21 முடிந்திருக்க வேண்டும், அந்த ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பட்டியலை இப்போதே பாருங்கள், கடைசி நாளில் பெயர் காணவில்லை என்று அழுதவர்கள் உண்டு. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் பாக்கி இல்லாமல் ரசீது வைத்துக்கொள்ளுங்கள். டெபாசிட் பொதுப் பிரிவுக்கு 200, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 100, அதற்குச் சாதிச் சான்று. முன்மொழிய ஒருவர் போதும், அவர் அதே வார்டு வாக்காளராக இருக்க வேண்டும்.

இடம் காலி என்று செயலர் எழுதி அனுப்பியிருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். வாயால் கேட்காதீர்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். பத்து ரூபாய்தான். சில இடங்களில் அந்தக் கடிதமே போயிருக்காது.

செவ்வந்தி:

அந்த அக்காவிடம் சொல்லுங்கள், மனு பரிசீலனை நாளில் தனியாகப் போக வேண்டாம். இரண்டு மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு போகட்டும். நான் தனியாகப் போனேன்.

சந்தேகப்பிராணி:

ஜெயித்தாலும் ஒன்றும் செய்ய விடமாட்டார்கள் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் குழாய்க்கு நான்கு தடவை போனவர் என்றால், ஐந்தாவது தடவை நாற்காலியில் உட்கார்ந்து கேட்கட்டும்.

மூணாவது வார்டு:

தகவல் உரிமை மனு இன்று தபாலில் போட்டுவிட்டேன்.

ஐயா, இன்னொரு சந்தேகம். முன்மொழிபவர் அதே வார்டாக இருக்க வேண்டும் என்றீர்கள். நான் அதே வார்டுதான். முன்மொழிபவர் பெயரை வெளியே ஒட்டுவார்களா?

பழைய எழுத்தர்:

ஒட்டுவார்கள். மனுக்களின் பட்டியலில் வேட்பாளர் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கும். அலுவலக அறிவிப்புப் பலகையில், போகிற வருகிறவர்கள் பார்க்கும்படி.

மூணாவது வார்டு:

சரி ஐயா. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.